சூசையும் ஜோசப்பும் ஒருவரே

குழந்தைக்குப் பெயரிடுவோர் பெற்றோர். அப்பெயரை ஏட்டில் எழுதி வைப்போர் குருக்கள். அந்த ஏடு கோவில் அலமாரியில் துயில்கொண்டிருக்கும் வரை அதனால் எவருக்கும் தொல்லையில்லை. பிள்ளை வளர்ந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து, அங்கே மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விரும்பும் நாளில்தான் அது துயிலெழுகிறது. வேளச்சேரியில் பங்குப்பணி ஆற்றும் நமக்கு, பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோரைக் காட்டிலும் சான்றிதழுக்கு வருவோர் தொகை மிகுதியோ என்ற ஐயம் சில வாரங்களில் எழுவதுண்டு. துபாய், ஷார்ஜா, தோகா, குவைத், ரியாத் என்று நம் குடும்பங்களில் ஒரு பாதி அங்கே இருக்கிறது. மறு பாதி விஜயநகர்ப் பக்கத்துச் சந்துகளில் காகிதக் கட்டோடு அலைந்துகொண்டிருக்கிறது.

இதில் நம் கத்தோலிக்க மக்களுக்கென்றே வாய்த்த சங்கடம் ஒன்று உண்டு. நம் முன்னோர் புனிதர்களின் பெயர்களை அழகிய தமிழாக்கி வழங்கினர். பேதுரு நமக்கு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், சவேரியார் சவரிமுத்து ஆனார், அலோசியசை ஞானப்பிரகாசியார் என்றோம், யோசேப்பு நம் சூசையப்பர். பாட்டன் சூசை என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுத்த பிள்ளையைப் பள்ளியில் ஜோசப் என்று சேர்த்துவிடுகிறார் தந்தை. வீட்டில் அவன் செல்வராஜ். வங்கியில் தந்தையின் தலைப்பெழுத்தோடு எம். ஜோசப் செல்வராஜ். நம் கண்ணுக்கு இவர்கள் அனைவரும் ஒருவரே. அயல்நாட்டு அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கோ இவர்கள் நால்வர். அவரைக் குறை கூறுவதற்கில்லை. சூசையும் ஜோசப்பும் ஒரே புனிதர் என்று அவருக்கு எவரும் மறைக்கல்வி கற்பிக்கவில்லை.

குடும்பப் பெயர் என்ற வழக்கமே பெரும்பாலும் நம்மிடம் இல்லை என்பது அடுத்த சிக்கல். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் அதற்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டவர்கள் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர்க்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவில்லை என்று அறிவித்தபோது, நம் பங்கில் எத்தனை வீடுகளில் அன்றிரவு உறக்கம் போயிற்று என்பதை நாம் அறிவோம். கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கலாம் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. போதாக்குறைக்கு, அரபு மொழியில் பகரத்தின் வல்லோசை இல்லை. ‘பால்’ என்னும் பெயரின் முதலொலி அங்கே எழுதப்படும்போது ‘பஸ்’ என்னும் சொல்லின் முதலொலியாகிவிடுகிறது!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி தம் மருமகளையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். மகன் ஷார்ஜாவில் குளிரூட்டு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். 2019இல் அமீரகம் வகுத்த விதிப்படி, குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாத ஊதியம் 4,000 திர்ஹாமோ, உறைவிடத்தோடு 3,000 திர்ஹாமோ வேண்டும். அந்தத் தகுதியை அவர் பெரும்பாடுபட்டு எட்டியிருந்தார். ஆனால் கடவுச்சீட்டில் அவர் ஜோசப். திருமண ஏட்டில், திருமுழுக்குச் சான்றைப் பார்த்து எழுதியபடி, சூசை. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

“சாமி, அந்த ஒரு பேரை மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார் மூதாட்டி.

“அம்மா, ஏட்டில் இருப்பதை இருப்பபடியே எடுத்தெழுதித் தருவதற்கு மட்டுந்தான் எமக்கு அதிகாரம்” என்றோம். அவர் முகம் வாடியது. பக்கத்துத் தெருவில் ஒரு முகவர் பத்தாயிரம் ரூபாயில் எல்லா முத்திரைகளையும் ‘முடித்துத் தருவதாக’ச் சொல்லியிருக்கிறார் என்றும், சாமியார் மனம் இரங்காவிடில் அங்கேதான் போகவேண்டும் என்றும் மருமகள் மெல்லச் சொன்னார். போலி முத்திரை அங்கே கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுப்போடு முடியாது. கணவர் சிறை செல்ல நேரும் என்று எடுத்துரைத்தோம். குழந்தை நம் மேசைமீதிருந்த மணியை எடுத்து ஆட்டிக்கொண்டிருந்தது.

நேர்வழி நெடுவழியாகவே இருந்தது. இருபெயரும் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம். பின் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. அதன் பின் திருமணப் பதிவு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோவிலில் நிகழும் திருமணம் செல்லும் என்பது உண்மையே. ஆயினும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், எச்சமயத்தார் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவாளரிடம் பதியவேண்டும் என்கிறது. விருந்துக்கும் ஒளிப்படத்துக்கும் காட்டும் அக்கறையை நம் மக்கள் இதற்குக் காட்டுவதில்லை. சான்று கைக்கு வந்த பின் மாநில அரசின் சான்றொப்பம், நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அமீரகத் தூதரகத்தின் முத்திரை, அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அப்போஸ்தில் என்னும் ஒற்றை முத்திரை முறையில் இந்தியா 2005இல் சேர்ந்தது. ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவூதி அரேபியா ஆகியவை அதை ஏற்கும். அமீரகத்துக்கு அது செல்லாது. ஆக ஏழு மாதம் சென்றது. தவழ்ந்து வந்த குழந்தை நடந்தே விமானம் ஏறிற்று.

பெயர் எழுதிக்கொள்ளத் தம் மூதாதையர் ஊருக்கு, நிறைமாதக் கர்ப்பிணியோடு நடந்தவர் சூசையப்பர் என்பதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அரசின் ஏட்டில் தம் பெயர் சரியாக ஏற அவர் பட்ட பாடு, அவர் பெயரைத் தாங்கியோருக்கும் தொடர்கிறது போலும்!

நிற்க. வங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே ஆண்கள் செய்யும் பிழை பெண்கள் தலையில் விடிகிறது. பணி நிமித்தம் அயல்நாட்டில் வாழ்பவர் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருத்தல் அந்நியச் செலாவணி விதிகளுக்கு ஒவ்வாது. அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். அங்கிருந்து அனுப்பும் ஊதியத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு உகந்தது, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, பணத்தைத் தடையின்றித் திரும்பவும் வெளியே கொண்டு செல்லலாம். இங்குள்ள மனைவியை அதில் கூட்டுக் கணக்காளராகச் சேர்க்கலாம். ஆனால் கணவர் உயிரோடிருக்கும் வரை அவராக உரிமை கொண்டாட இயலாது. ‘முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்பதே அம்முறைக்குப் பெயர். இடையில் பணம் எடுக்க வேண்டுமாயின் அதிகாரப் பத்திரம் தேவை. இதைக் கணவர் விடுப்பில் வந்திருக்கையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்துவிடலாம். செய்வோர் அரியர்.

அங்குள்ள கணக்கோ இன்னும் நுட்பமானது. கணக்காளர் மாண்டார் என்ற செய்தி வங்கிக்கு எட்டியதும் கணக்கு முடக்கப்படும். நீதிமன்றத்தின் வாரிசுரிமை ஆணை வரும் வரை ஒரு திர்ஹாமும் அசையாது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகச் சட்டப்படி, இஸ்லாமியரல்லாதார் உயில் எழுதாமல் இறப்பின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கும், பாதி மக்களுக்குச் சமமாகவும் சேரும். நல்ல சட்டம்தான். ஆனால், தாம்தான் அந்த மனைவி என்று மெய்ப்பிக்க அக்கைம்பெண் எதைக் காட்டுவார்? திருமணச் சான்றைத்தான். அதில் சூசை என்றும் வங்கியில் ஜோசப் என்றும் இருப்பின், துக்க வீட்டில் அமர்ந்து அழவும் அவருக்கு நேரம் கிடைக்காது. இத்தகைய ஓர் இல்லத்தில் நாம் செபமாலை சொல்லி முடித்ததும், பெட்டியிலிருந்த காகிதங்களைத் தரையில் பரப்பிப் பெயர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த சகோதரியை இன்றும் மறக்க முடியவில்லை.

வாகனம் ஓட்டுவோர்க்கு ஒரு சொல். வேளச்சேரி நூறடிச் சாலையில் பன்னிரண்டு ஆண்டு வேன் ஓட்டிய கைக்கும் அங்கே தனி மதிப்பில்லை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்வன. இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, வருகையாளராய்ச் செல்வோர்க்கு உதவும். உறைவிட விசா பெற்றபின் அந்நாட்டு உரிமமே வேண்டும். துபாயில் நம் ஊர் உரிமத்தின் வயதைக் கொண்டு பயிற்சி வகுப்பு மணிகளைக் குறைப்பதுண்டு. அதற்கும் உரிமத்திலுள்ள பெயர் கடவுச்சீட்டோடு ஒத்திருத்தல் வேண்டும். உரிமமின்றி ஓட்டி ஒரு உயிர் போய்விட்டால், அமீரகத்தில் இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இரத்தப் பணம் 2,00,000 திர்ஹாம். காப்புறுதி நிறுவனம் அதைக் கொடுத்தாலும், உரிமமில்லாதவனிடமிருந்து திரும்பக் கேட்கும். “சும்மா பக்கத்துக் கடை வரைதானே” என்று முதலாளி சாவியை நீட்டினாலும் வாங்கலாகாது என்று தாய்மார்கள் தொலைபேசியில் சொல்லி வைப்பது நலம்.

2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு மற்றொன்றையும் காட்டியது. நம் பகுதியின் தரைத்தளங்களில் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்த கடவுச்சீட்டுகளும் பத்திரங்களும் சேற்றில் ஊறிப்போயின. சேதமுற்ற கடவுச்சீட்டுகளுக்குக் கட்டணமின்றி மாற்று வழங்க அன்று வெளியுறவு அமைச்சகம் முன்வந்தது. மாநில அரசும் சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம்கள் நடத்தியது. அடுத்த மழைக்கு முன் அவற்றைப் படமெடுத்து, அயல்நாட்டிலிருப்பவரிடம் ஒரு படியும் இங்கே மேல்மாடியில் உள்ள உறவினரிடம் ஒரு படியும் இருக்கச் செய்யுங்கள்.

நம் பங்கில் இப்போது ஓலை எழுத வரும் மணமக்களிடம் திருமுழுக்குச் சான்றோடு கடவுச்சீட்டையும் பள்ளிச் சான்றையும் கேட்கிறோம். பெயர்கள் வேறுபடின், பின்னால் திருத்துவதற்கு இடமின்றி, எழுதும்போதே ‘சூசை என்னும் ஜோசப்’ என இரண்டையும் ஏட்டில் பதிகிறோம். கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவர்கள், திருமுழுக்குப் பெயர் எதுவென்று முதலில் பங்கு அலுவலகத்தில் பார்த்துக்கொண்டு விண்ணப்பிக்கலாம். அலுவலகம் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் திறந்திருக்கும். பெற்றோரும் உடன் வருதல் நலம், பாட்டன் வைத்த பெயர் பெரும்பாலும் அவர்களுக்கே நினைவிருக்கும்.