வராத செய்தி

எங்கள் கடற்கரையூரில் சிறியதொரு மருந்துக் கடை நடத்தி வருகிறேன். கடையின் குளிர்பெட்டியில் எந்நேரமும் இன்சுலின் குப்பிகள் இருக்கும். அவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். அறை வெப்பத்தையேனும் சில நாள் பொறுத்துக்கொள்ளும் அம்மருந்து, உறைந்துவிட்டால் கெட்டுப்போகும். மீண்டும் உருகிய பின், கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலும் போகலாம்.

ஆகவே, குளிர்நிலை எல்லை மீறினால் கைப்பேசிக்குத் தானே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியொன்றைப் பொருத்தினேன். இருமுறை செய்தி வந்தது; இருமுறையும் ஓடிச்சென்று மருந்தைக் காத்தேன். அதன்பின், செய்தி வராத இரவெல்லாம் நல்லிரவே என்று நிம்மதியாக உறங்கலானேன்.

2022-ஆம் ஆண்டில் ஒருநாள் காலை கடைக்குச் சென்றபோது, என் உதவியாளர் அதற்குள் இரண்டு குப்பிகளை விற்றிருந்தார். வழக்கமின்றிக் கருவியின் பதிவைப் புரட்டினேன். நெஞ்சு திடுக்கிட்டது. நள்ளிரவிலிருந்து மூன்று மணி நேரம், உறைநிலைக்கும் கீழே 3 பாகை! பின்னர் மின்சாரம் நின்று, உறைந்தவை உருகியிருக்கின்றன. நான்கு முறை செய்தி "அனுப்பப்பட்டது" என்று பதிவு கூறிற்று. எனக்கோ ஒன்றும் வரவில்லை.

மருந்து வாங்கிய மூதாட்டியின் வீட்டுக்கு ஓடினேன்.

"மாமி, ஊசி போட்டுக்கொண்டீர்களா?"

"இல்லை தம்பி, இட்டலி வேகட்டும் என்றிருக்கிறேன்."

அல்ஹம்துலில்லாஹ்! போன உயிர் மீண்டது.

காரணத்தை விசாரித்தறிந்தேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனங்கள் அனுப்பும் இத்தகைய செய்திகளின் வாசகம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவோடு பொருந்தாதவை வழியிலேயே தடுக்கப்படும். 2021 மார்ச்சில் இச்சோதனை கடுமையாக்கப்பட்டபோது, வங்கிகளின் கடவு எண்கள்கூட வாராமல் மக்கள் தவித்தனர். ஆணையம் அதனை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. என் கடைப் பெயரையும் செய்தியில் சேர்க்குமாறு கருவி தந்தவரிடம் முந்திய மாதம் கேட்டவன் நானே. அவர் சேர்த்தார், புதிய வாசகத்தைப் பதிய மறந்தார். என் சிறு பெருமையே செய்திக்குத் தடையாயிற்று.

இது மட்டுமன்று. கைப்பேசி அணைந்திருந்தால், செய்தி இடைநிலையத்தில் குறித்த காலம் காத்திருந்து, பின் கைவிடப்படும். அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு.

நடந்ததையெல்லாம் கேட்ட மாமி சொன்னார்: "கடல் கடந்திருக்கும் என் மகன் மஃரிபுக்குப் பின் நாள்தோறும் பேசுவான். பேசாத நாளில்தான் எனக்குப் பயம். நீயோ, கருவி பேசாத நாளில் தூங்கியிருக்கிறாய்!"

அச்சொல்லே எனக்கு வழி காட்டிற்று. இப்போது குறையில்லாத நாளிலும், இஷாவுக்குப் பின் "நலம்" என்றொரு செய்தி வருமாறு செய்திருக்கிறேன். அது வாராவிடில் கடைக்குப் புறப்பட்டுவிடுவேன். காலையில் பதிவைப் பார்த்த பின்னரே முதற்குப்பி விற்பனையாகும்.

பிறர் உயிர் சார்ந்த பொருள் நம்மிடம் உள்ள அமானிதம். அதைக் காக்கும் கடமையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கிவிடலாகாது.