கோல் கம்பங்களுக்கு நடுவே

அரியலூர்ச் சிமெண்ட் ஆலை ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், எங்கள் பிரிவில் கல்கத்தாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் அவரை 'தாதா' என்று அழைப்போம். வங்காளத்தில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். நம் ஊரில் அதற்கு இருக்கும் பொருளை அறிந்துகொண்ட நாள் முதல், புதிதாக வருகிறவர்களிடம் அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

தாதாவின் தந்தையார் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தைவிட்டு வந்தவர். 1920இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம், அப்படி வந்த குடும்பங்களுக்கு விட்டுவந்த மண்ணின் பெயராகவே இருந்தது. ஆகவே அக்கழகத்தைப் பற்றி அவரிடம் விளையாட்டாகப் பேச முடியாது. அதன் வரலாற்றிலேயே மிகச் சிறந்த கோல்கீப்பர் யார் என்ற ஒரே கேள்வியில் நாங்கள் ஏழெட்டு ஆண்டுகள் வழக்காடியிருக்கிறோம். நான் பீட்டர் தங்கராஜ் என்பேன். அவர் பாஸ்கர் கங்குலி என்பார்.

இருவரில் ஒருவருடைய ஆட்டத்தையும் நான் பார்த்ததில்லை. பின் எதைக்கொண்டு வழக்காடினேன் என்றால், பெரியப்பாவைக்கொண்டு. அவர் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். குன்னூரை அடுத்த வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அங்கே மைதானத்தின் ஓரத்தில் நின்று தங்கராஜின் ஆட்டத்தைப் பார்த்த கதையை, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொல்வார். "எட்டிப் பிடிக்கமாட்டார்டா, பந்து அவர் கைக்கு வரும்" என்பது அவர் வாக்கு.

வாதத்துக்கு வலுச்சேர்க்க நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை ஏராளம். தங்கராஜ் 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் முன்கள ஆட்டக்காரராகத் தொடங்கிப் பின்பு கோல்கீப்பரானவர். மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றபோது அதில் இருந்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும், 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் இடம்பெற்றவர். 1962இல் ஜகார்த்தாவில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் முன் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டின் தங்கத்தைப் பெற்ற அந்த இறுதியாட்டத்தில் கோல் காத்தவர். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் ஆகியவற்றுக்கு ஆடிவிட்டு 1965இல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். 1967இல் அர்ஜுனா விருது. 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.

இத்தனையையும் நான் அடுக்கும்போது தாதா பொறுமையாகக் கேட்பார். பிறகு ஒரே ஒரு தேதியைச் சொல்வார்: 1975 செப்டம்பர் 30.

அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. தோற்ற அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற இளைஞர்தான் பாஸ்கர் கங்குலி. நான்கு கோல்கள் விழுந்தபின் அவரை வெளியே அழைத்து வேறொருவரை நிறுத்தினார்கள். அந்தத் தோல்வியைத் தாங்கமாட்டாமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட நாளுக்குப் பின், அந்த இளைஞர் மறுபடியும் கையுறை அணிந்தார். அதுவும், தனக்கு எதிராக அந்தக் கோல்களை அடித்த ஈஸ்ட் பெங்காலுக்காகவே. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான்.

இதை ஒரு வாதமாகவே நான் அப்போது ஏற்கவில்லை. "கோல் வாங்கியவரைச் சிறந்தவர் என்கிறீர்களே, தாதா" என்று மடக்குவேன். ஏன் அத்தனை சூடாக மறுத்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

பெரம்பலூரில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது நானும் கோல்கீப்பர்தான். பெரியப்பாவின் கதைகள் செய்த வேலை. பள்ளிகளுக்கிடையிலான ஆட்டம் ஒன்றில் என்னைத் தாண்டி ஆறு கோல்கள் போயின. மூன்றாவது கோல் என் கால்களுக்கிடையே உருண்டு போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் கால்வலி என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கோல் கம்பத்தின் அருகிலும் நிற்கவில்லை. பெரியப்பா கேட்டபோது, படிப்பு அதிகமாகிவிட்டது என்றேன்.

மெல்பர்ன் ஒலிம்பிக் தொடங்கிய மறுநாள், 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் மதிப்போடு சொல்லும் செய்தி இது. என் கால்வலியையும் வெகுகாலம் இந்தக் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். தவறு நேர்ந்தது, பொறுப்பேற்று விலகினேன் என்று. அது உண்மையன்று. சாஸ்திரி விலகியது தன்மேல் பழியை வாங்கிக்கொள்ள. நான் விலகியது இன்னொரு முறை பழி வராமலிருக்க. இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால்தான் இத்தனை காலம் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது.

திறமை ஒன்றே அளவுகோல் என்றால், இன்றும் என் விடை தங்கராஜ்தான். ஆனால் கேள்வி ஒரு கழகத்தின் வரலாற்றைப் பற்றியது. தங்கராஜ் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது ஜகார்த்தா முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆசியா அறிந்த பெயரோடு வந்தார். கங்குலி வந்தபோது அவரிடம் இருந்தது நான்கு கோல்கள் மட்டுமே. அவரை அவராக்கியது அந்தக் கழகம். ஒரு கழகம் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள உரிமையுள்ளவர் அவரே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பணி ஓய்வு பெற்றுக் கல்கத்தா சென்றுவிட்ட தாதாவைச் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்கள் பெரியப்பா கோபித்துக்கொள்ளமாட்டாரா?" என்று கேட்டார்.

பெரியப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் கோபித்திருப்பார்தான். ஆனால் அந்தக் கோபம் கங்குலியைத் தேர்ந்ததற்காக இருந்திராது. கால்வலி என்று அன்று சொன்ன பொய்க்காக இருந்திருக்கும்.