கண்ணுக்குள் ஓர் ஒழுகல்

மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரம். கம்ப்யூட்டரில் எக்ஸெல் கட்டங்கள் நடுவில் மட்டும் நெளிந்தன. மானிட்டர் ரிப்பேர் என்று சிஸ்டம் பையனைக் கூப்பிட்டேன். "சார், ஸ்க்ரீன் நேராத்தான் இருக்கு. கண்ணைக் காட்டுங்க" என்றான். ஆபீஸே சிரித்தது. நானும்தான்.

வயது முப்பத்தொன்பது. சர்க்கரைக்கு எட்டு வயது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொன்னால், "லீவு இல்லை" என்று நழுவிக்கொண்டிருந்த ஆசாமி நான்.

கண் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். விழித்திரை நடுவில் குட்டி மேடு.

"மொட்டை மாடி ஒழுகற மாதிரிதான். சர்க்கரை, ரத்தக் குழாய்ச் சுவரைக் கெடுத்துடுச்சு. விழித்திரை வி.ஈ.ஜி.எஃப்.னு ஒரு புரதத்தைச் சுரக்குது. அது இன்னும் ஒழுக வைக்கும். அதைப் பிடிச்சு அடக்க மருந்து இருக்கு."

"மாத்திரையா சார்?"

"ஊசி. கண்ணுக்குள்ளே."

அப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

மருந்தில் மூன்று பெயர்கள்: ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப். கடைசி ஆள் 2004-ல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்காக அனுமதி வாங்கியவர். ஒரு குப்பியைப் பல கண்களுக்குப் பிரித்துப் போடுவதால் மலிவு. 2015-ல் அங்கே 660 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்டதில், பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ரொம்பக் குறைந்தவர்களுக்கு முதல் வருஷம் அஃப்ளிபெர்செப்ட் ஒரு படி மேல். எனக்கு லேசு. பர்ஸும் லேசு. குடல்காரரையே சொன்னேன்.

மரத்துப்போகச் சொட்டு, எரிச்சலூட்டும் அயோடின், இமையை விரித்துப் பிடிக்க ஒரு கிளிப். "கீழே பாருங்க!" 0.05 மில்லி உள்ளே போனது. லேசான அழுத்தம், அவ்வளவுதான். முந்தின ராத்திரி தூங்காததுதான் பெரிய வலி.

மாதம் ஒன்றாக மூன்று ஊசி. கோடுகள் நிமிர்ந்தன. நான்காவதற்கு ஆடிட் வந்தது. 'நேராத்தானே தெரியுது' என்று விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் மறுபடி நெளிவு!

டாக்டர் கோபப்படவில்லை; பட்டிருந்தால் தேவலை. "மருந்து சில வாரம்தான் நிக்கும். இந்தத் தடவை பழையபடி முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது" என்றார்.

நேற்று அடுத்த ஊசிக்கு லீவு லெட்டர் நீட்டினேன். மேனேஜர் படித்தார், கையெழுத்துப் போட்டார், குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் சர்க்கரை பத்து வருஷமா இருக்குய்யா. அந்தச் சொட்டு மருந்து விட்டா எவ்வளவு நேரம் மங்கலா இருக்கும்?"