அண்ணனின் கிடாரும் தேல்ஸ் தேற்றமும்



ஆண்டு விழா ஒத்திகையில் எங்கள் கிடார் "ம்ம்ம்ம்..." என்று முனகியதை எல்லோரும் கேட்டீர்கள். சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை! ஆனால் அந்த முனகல் கிடாருடையது அல்ல, நம் கரண்டுடையது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுகிறது. டியூப் லைட் சோக், ஃபேன், மோட்டார் எல்லாம் அதே தாளத்தில் சுற்றிலும் காந்தப்புலத்தை வீசுகின்றன. கிடாரில் உள்ள பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய காயிலும்தான். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் காயிலுக்குக் கம்பி எது, சோக் எது என்று தெரியாதே! இரண்டையும் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

இதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர். 1955-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார், 1959-ல் கிடைத்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு காயில். ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர்த்திசை. காந்த முனையும் எதிர். கரண்டின் முனகல் இரண்டிலும் எதிரெதிராக வந்து கழிந்துவிடும், கம்பியின் ஓசை மட்டும் கூடும். இதன் பெயர் ஹம்பக்கர்.

துடியலூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம், இதில் ஒரு காயிலுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று, கம்பி தலைமுடி கனம்தான் என்றேன். "ஏங்கண்ணு, அதை எந்தக் கையில புடிச்சுக் கட்டுறது!" என்று வாயைப் பிளந்துவிட்டார்.

சரி, ஒரு ஹம்பக்கர் வாங்கி மாட்டிவிடலாம் என்றால் அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு காயிலிலும் கம்பிக்கு ஒன்றாக ஆறு இரும்பு முளைகள் உண்டு. கிப்சன் வழக்கப்படி முதல் முளையின் நடுவிலிருந்து ஆறாம் முளையின் நடுவரை சுமார் 50 மி.மீ. ஆனால் பழைய ஃபெண்டர் வகைக் கிடார்களில் பிரிட்ஜின் மேல் கம்பிகள் சுமார் 56 மி.மீ அகலத்துக்குப் பரந்து நிற்கும். பின்னால் வந்த பலவற்றில் 52.5. இதற்காகவே 53 மி.மீ அகல ஹம்பக்கர்களும் விற்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பழைய 50 மி.மீ ஹம்பக்கர் பாதி விலைக்குக் கிடைப்பதாக இருந்தது. புதிய 53 வாங்கினால் டிரம்முக்குத் தோல் மாற்றச் சேர்த்த பணமும் சேர்ந்து போகும். அதைவிடப் பெரிய கவலை கிடார் அண்ணனுடையது. முதல் சம்பளத்தில் வாங்கியது, வெளியூர் போகும்போது என்னிடம் விட்டுப் போனான். ஹம்பக்கர் உட்கார மரத்தைக் குடைய வேண்டும். குடைந்தால் குடைந்ததுதான். போனில் கேட்டபோது அண்ணன் ஒரே வார்த்தை சொன்னான்: "அளந்துட்டு வெட்டு."

மாமாவின் வெர்னியரால் அளந்தோம். பிரிட்ஜில் 52.5 மி.மீ, தலைப்பக்கம் நட்டில் 35.5 மி.மீ. அதாவது 648 மி.மீ நீளத்தில் கம்பிகள் 17 மி.மீ நெருங்குகின்றன. பிக்கப் உட்காரும் இடம் பிரிட்ஜிலிருந்து 40 மி.மீ தள்ளி. அங்கே அகலம் எவ்வளவு? கணக்கு சார் கரும்பலகையில் போட்ட அதே தேல்ஸ் தேற்றம்! 17 × 40 ÷ 648, கிட்டத்தட்ட 1 மி.மீ. எனவே அகலம் 51.5. முளைகளின் அகலம் 50. வித்தியாசத்தை இரண்டு ஓரத்துக்கும் பங்கு போட்டால் 0.75 மி.மீதான். முளையின் தடிமனோ ஏறக்குறைய 5 மி.மீ. கம்பி முளையை விட்டு இறங்கவே இல்லை!

இதே கணக்கை 56 மி.மீ பிரிட்ஜுக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரக் கம்பி 2.3 மி.மீக்கு மேல் விலகி முளையின் விளிம்புக்கே போய்விடுகிறது. அங்கே 53 வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

எடி வான் ஹேலன் என்ற கிடார் மன்னருக்கு 1970-களில் இதே தொல்லை. கிப்சனிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை ஃபெண்டர் வகை உடம்பில் வைத்தார், அகலம் சேரவில்லை. நேராக வைக்காமல் லேசாகச் சாய்த்து வைத்துவிட்டார்! சாய்த்தால் வரிசை குறுகத்தானே செய்யும் என்று எனக்கு முதலில் குழப்பம். வரைபடத் தாளில் 50-க்கு 18 என்று செவ்வகம் போட்டு (18 என்பது இரண்டு காயில் வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம்) 10 பாகை திருப்பிப் பார்த்தேன். ஒரு வரிசையின் கடைசி முளைக்கும் அடுத்த வரிசையின் எதிர்க்கடைசி முளைக்கும் குறுக்கு அகலம் 52.4 ஆகிவிட்டது. செவ்வகத்தில் பக்கத்தைவிட மூலைவிட்டம் பெரியது, அவ்வளவுதான். அந்த ஹம்பக்கரை அவர் உருகிய மெழுகிலும் முக்கி எடுத்தாராம், சுற்றுகள் ஆடிக் கீச்சிடாமல் இருக்க. மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "நாங்க வார்னிஷ்ல முக்குறதும் அதுக்குத்தானுங் கண்ணு." அந்தக் கிடார் 2019-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் கண்காட்சியில் இருந்தது. வான் ஹேலன் 2020-ல் காலமானார்.

எங்களுக்குச் சாய்க்கும் வேலையும் இல்லை. இன்னொன்றும் கவனித்தேன். பிரசன்னா கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதுபோலக் கமகத்துக்காக 12-ஆம் கட்டையில் கம்பியை 10 மி.மீ பக்கவாட்டில் இழுத்தால், பிக்கப்பின் மேல் அது 1.2 மி.மீ நகர்கிறது. (இதுவும் தேல்ஸ்தான்!) வாசிக்கும்போதே அவ்வளவு நகரும் கம்பிக்கு முக்கால் மில்லிமீட்டருக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதா? பிக்கப் கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் ஓசை அதிகம் மாறுகிறது. அதைத் திருகாணியால் சரி செய்துகொள்ளலாம்.

பாதி விலை ஹம்பக்கரையே வாங்கிவிட்டோம். டிரம் தோல் பணம் பத்திரம். மரம் குடையும் வேலை வரும் சனிக்கிழமை, மாமா பட்டறையில். அட்டையில் அச்சு வெட்டி, கம்பிக்கு அடியில் வைத்து மூன்று முறை பார்த்தாயிற்று. அண்ணனுக்கும் படம் அனுப்பினேன். "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

வேறு வகுப்புகளில் கிடார் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் அகலம் அளக்க வேண்டுமானால் மதிய இடைவேளையில் வாருங்கள். அளவை ஒன்றாம் கம்பியின் நடுவிலிருந்து ஆறாம் கம்பியின் நடுவரை எடுக்க வேண்டும், ஓரத்திலிருந்து அல்ல. வெர்னியர் மாமாவுடையது, வெள்ளிக்கிழமை வரைதான் என்னிடம் இருக்கும்.

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு