அளவே ஆதாயம்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)



"வாணிபத்தில் நிலைத்து நிற்க என்ன வேண்டும்?" என்று சென்ற ஆண்டு வகுப்பில் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். ஒருவன் "முதல்" என்றான். மற்றொருவன் "விளம்பரம்" என்றான். நான் எழுந்து "துணிவு" என்றேன். வகுப்பே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நான் தகுதியானவன் அல்லன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் ஓசூரிலிருந்து வருபவன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர் அது. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அவ்வூரின் முகமே மாறிற்று. 1980இல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்டு லாரி ஆலை வந்தது. தமிழ்நாட்டரசின் டிட்கோவும் டாட்டா நிறுவனமும் 1984இல் கைகோத்துத் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிற்சாலையை அங்கேதான் நிறுவியது. ஆலமரத்தைச் சுற்றி விழுதுகள் இறங்குவதுபோல, இப்பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறிய பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அவற்றுள் ஒன்று என் தந்தையாருடையது.

அவர் பதினான்கு ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை வைத்தவர். இரண்டு பழைய லேத், பிறகு கைமாற்றாக வாங்கிய ஒரு சி.என்.சி., மூன்று தொழிலாளர்கள். இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்! மாதம் எவ்வளவு வந்தாலும் வீட்டுக்கென்று ஒரே தொகையைத்தான் எடுப்பார். மிச்சத்தில் ஒரு பங்கு வங்கியில் தனிக் கணக்குக்குப் போகும். அதைத் தீபாவளிக்கும் தொடமாட்டார். முடியாத வேலையை "முடியும்" என்று வாங்கமாட்டார். இதையெல்லாம் நான் கஞ்சத்தனம் என்றும், கோழைத்தனம் என்றும் எண்ணியிருந்தேன்.

வண்டி விற்பனை கொழித்த நாளில் பக்கத்துப் பட்டறைக்காரர் கடன் வாங்கி நான்கு இயந்திரங்களை ஒரே நேரத்தில் இறக்கினார். ஊரே அவரைப் புகழ்ந்தது. "நாமும் வாங்கலாமே அப்பா" என்றேன். "நல்ல காலத்து வருமானத்தை வச்சுக் கெட்ட காலத்துக்குத் தவணை கட்ட முடியாது கண்ணு" என்றார். 2019இல் நாடெங்கும் வாகன விற்பனை சரிந்தது. பெரிய ஆலைகளே வேலையில்லா நாள்களை அறிவித்தன. மறு ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பக்கத்துப் பட்டறையின் இயந்திரங்களை வங்கி எடுத்துச் சென்றது. எங்கள் பட்டறையும் மூடித்தான் கிடந்தது. ஆனால் தொடாத அந்தக் கணக்கிலிருந்து மூன்று தொழிலாளர்களுக்கும் பாதிச் சம்பளம் மாதந்தோறும் போயிற்று. கதவு திறந்த அன்று மூவரும் வந்து நின்றார்கள். அன்றும் எனக்குப் பாடம் முழுமையாகப் புரியவில்லை. புரிந்தது என் சொந்தத் தவற்றால்.

சென்ற கோடை விடுமுறை. ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு மூவாயிரம் புஷ் கடைந்து தர வேண்டும். துளை இருபது மில்லிமீட்டர். கூடுதலாக 0.021 மில்லிமீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் கூடாது, குறையவும் கூடாது. தலைமுடியின் பருமனில் ஒரு சிறு பகுதிதான் அந்த இடைவெளி. இதைச் சோதிக்க இருமுனைக் கேஜ் ஒன்று உண்டு. 'கோ' என்ற முனை துளைக்குள் நுழைய வேண்டும். 'நோ கோ' என்ற முனை நுழையவே கூடாது. வெட்டும் முனையை மாற்றினால், மாற்றிய பின் வரும் முதல் உருப்படியை அளந்து, நோட்டில் எழுதிய பிறகே அடுத்ததைப் போட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

அன்றிரவு இயந்திரம் என் பொறுப்பு. முனையை மாற்றினேன். அளக்கவில்லை. விடிவதற்குள் முடித்து அப்பாவை வியக்கவைக்க வேண்டும் என்ற ஆசை! அதிகாலையில் ஓர் உருப்படியை எடுத்துக் கேஜைச் செருகினேன். 'நோ கோ' முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. எனக்கு உடல் வியர்த்தது. எண்ணிப் பார்த்தேன்: முந்நூற்று நாற்பது. துளை சிறிதாயிருந்தால் மீண்டும் கடையலாம். பெரிதான துளையை என்ன செய்ய முடியும்?

நண்பர்களே, நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். அவற்றை நல்ல உருப்படிகளோடு கலந்து பெட்டிகளில் அடுக்கினேன். வாங்குபவர்கள் ஒவ்வொன்றையுமா அளக்கப் போகிறார்கள் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். வகுப்பில் நான் முழங்கிய 'துணிவு' அன்று இந்த உருவத்தில் வந்தது!

வண்டி வந்து நின்றது. அப்பா வழக்கம்போல் நோட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"முனை மாத்தின நேரம் எழுதியிருக்கு. முதல் உருப்படி அளவு எழுதலையே, ஏன் கண்ணு?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தவர், "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வண்டியைத் திருப்பி அனுப்பினார். தொழிற்சாலைக்குத் தாமே தொலைபேசியில் பேசி, "என் பட்டறையில் தவறு நடந்துவிட்டது, சரக்கு தாமதமாகும்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

பெட்டிகளைக் கொட்டி, மூவாயிரத்தையும் ஒன்றொன்றாகக் கேஜில் போட்டோம். மாலையில் கழிவுக் குவியலை எண்ணினால் முந்நூற்று முப்பத்தொன்பது! "ஒண்ணுதானே அப்பா" என்றேன். "அந்த ஒண்ணு ஏதோ ஒரு வண்டிக்குள்ள போகும். அதுல யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருப்பாங்க" என்றார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். நள்ளிரவுக்கு மேல் அந்த ஒன்று என் கையிலேயே அகப்பட்டது. அப்போது எனக்கு அழுகை வந்தது.

குறைந்த முந்நூற்று நாற்பதையும் புதிதாகக் கடைந்து அனுப்பினோம். இரும்பின் விலை எங்கள் தலையில் விழுந்தது. தாமதத்துக்கான தொகையையும் தொழிற்சாலை பிடித்துக்கொண்டது. உண்மை பேசியதற்காக எவரும் மாலை போடவில்லை. அந்த மாதம் அப்பா வீட்டுக்கு எடுக்கும் தொகையைக் குறைத்துக்கொண்டார். தொழிலாளர் சம்பளத்தைத் தொடவில்லை. அடுத்த மாதம் அதே மூவாயிரத்துக்கு ஆர்டர் வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் காகிதத்தை அப்பா என்னிடம் நீட்டியபோது, ஒன்றும் குறையாமல் இருப்பது எத்தனை பெரிய வெற்றி என்று உணர்ந்தேன்.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் தரக் கட்டுப்பாடு பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கரான டெமிங் 1950இல் ஜப்பானியருக்குப் பாடம் நடத்தினார். மறு ஆண்டு அவர் பெயரால் அங்கே ஒரு விருது ஏற்பட்டது. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002இல் அவ்விருதைப் பெற்றது. ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதே தரத்தின் உயிர் என்பது அவருடைய போதனையின் சாரம். ஒரு நாள் மிக நன்றாகச் செய்வது திறமை. எந்நாளும் ஒரே சீராகச் செய்வது ஒழுக்கம். அப்பா டெமிங்கின் பெயரைக் கேட்டதே இல்லை. ஆனால் அவர் நோட்டின் கட்டங்களில் அந்தப் பாடம் இருக்கிறது. நம் வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தாரே, அதுவும் இருக்கிறது.

நம் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களைப் பாருங்கள். முதல் விலைக்கு ஆசைப்பட்டு முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல்லில் பழுக்க வைப்பவனுக்கு அந்த வாரம் லாபம். முற்றும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவனைத்தான் வியாபாரி அடுத்த ஆண்டும் தேடி வருகிறான்.

துணிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துளைக்குள் நுழைய வேண்டிய முனை ஒன்று உண்டு; நுழையவே கூடாத முனையும் ஒன்று உண்டு. மனிதனுக்கும் இரண்டும் வேண்டும். இப்போது விடுமுறைக்கு ஊர் சென்றால் இரவு வேலையை அப்பா மீண்டும் என்னிடமே தருகிறார். முனையை மாற்றியதும் அளந்து, அந்தக் கட்டத்தை நிரப்புகிறேன். காலையில் அவர் நோட்டைப் புரட்டும்போது எதுவும் சொல்வதில்லை. பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். எனக்கு அது போதும்.