மிளகைத் தேடிய மரக்கலங்கள்

வரலாறு என்றால் வாள் என்பார் சிலர். வாகை சூடிய வேந்தர் என்பார் வேறு சிலர். நாமோ, ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனையில் மட்டுமன்று, அடுப்பங்கரையிலும் தேட வேண்டும் என்போம். போர்ச்சுகல் நாட்டின் கதை அதற்குச் சான்று.

ஒருபுறம் ஸ்பெயின், மறுபுறம் அலை முழங்கும் அட்லாண்டிக். இடையிலே சிறு நிலம். ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பொஜதோர் முனைக்கு அப்பால் சென்றவர் மீளார் என்று அந்நாட்டு மாலுமிகள் அஞ்சிக் கிடந்தனர். 1434ஆம் ஆண்டு ஜில் இயானெஸ் என்பவர் அம்முனையைக் கடந்தார். கடல் கொதிக்கவில்லை, பூதம் விழுங்கவில்லை, மீண்டு வந்தார்! அச்சத்தை மந்திரம் ஓட்டவில்லை, மரக்கலம் ஓட்டிற்று.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தடைந்தார். அந்தப் பயணத்திற்குத் துணை நின்றது ஆபிரகாம் சகூட்டோ எனும் யூத அறிஞர் வகுத்த வானியல் அட்டவணை. அவருக்குக் கிடைத்த பரிசு? யூதர்கள் வெளியேற வேண்டும் என்று 1496இல் பிறந்தது ஆணை! கப்பலுக்கு வழிகாட்டியவர், வாழ வழியின்றி வேற்றுநாடு ஏகினார்.

வாணிபம் செழித்தது. அதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். 1444இலேயே லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்க மக்கள் 235 பேரை இறக்கி, தாய் வேறு சேய் வேறாகப் பங்கிட்டனர்.

சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவை எந்நாட்டுச் சொற்கள் என்று வகுப்பிலே கேட்டோம். "நம் வீட்டுச் சொற்கள்தாமே, ஐயா!" என்றனர் மாணவர். போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றவை என்றதும் வியந்தனர். அமெரிக்க மண்ணில் பிறந்த மிளகாய், அவர்களுடைய கப்பலேறி வந்தது என்றோம்; நம்ப மறுத்தனர். மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயைத் தந்தனர்! தொன்றுதொட்டு மாறாதது எம் ஆசாரம் என்று முழங்கி, திவசத்தன்று மிளகாயை விலக்கும் வைதிகர் வீட்டிலும், மற்ற நாட்களில் ஆட்சி செய்வது அதுதானே!

1578இல் கொல்லத்திலே "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழையது அது. இரண்டாண்டு கழித்து என்ன நடந்தது தெரியுமா? நம் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து 1563இல் கோவாவிலே நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா, யூத மரபினர். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1580இல், மத விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது. எலும்பு எரிந்தது, ஏடு எரியவில்லை. கோவாவின் அந்த மன்றம் 1812இல் ஒழிந்தது. ஓர்ட்டாவின் நூலோ இன்றும் பயிலப்படுகிறது.

கடலைத் திறந்தவர்கள் கருத்தைப் பூட்டினார்கள்; அதுவே அவர்தம் வீழ்ச்சி என்போம்.

தோழர்களே! கடல் கடந்தால் சாதி கெடும் என்றவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். சாத்திரத்தின் பெயரால், சாதியின் பெயரால், "இதற்கப்பால் போகாதே" என்று மிரட்டும் பொஜதோர் முனைகள் நம் ஊரிலும் உண்டு. கடந்து பார்ப்போம், கடல் கொதிக்காது!