உஸ்ஸென்று ஒரு சத்தம்

மெல்போர்னில் ஸ்பிரிங்வேல் ரோடு சிக்னல். பச்சை விழுந்தும் எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். "என்னங்க, வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்றேன். இவர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே, "ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றார். ஆர்.பி.எம். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

எனக்கு அப்போது வண்டியைப் பற்றித்தான் கவலை. இன்னொரு கவலையும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வண்டி 2005 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. நாங்கள் 2009-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். மகள் பள்ளியில் படிக்கும்போது, குடும்பத்துக்கு இந்த வண்டி எதற்கு என்று நான் போட்ட சண்டை தனிக்கதை. இவருக்கு அந்த ரோட்டரி எஞ்சின்மேல் அப்படி ஒரு பிரியம். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனே கிடையாது. சமோசாவின் பக்கங்களைக் கொஞ்சம் உப்ப வைத்தது போல ஒரு முக்கோண ரோட்டர், நிலக்கடலை வடிவக் கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் அப்படி இரண்டு. கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல். அதைக் கட்டி மேய்த்துப் பெயர் வாங்கியது ஜப்பான்காரர்கள். 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ரோட்டரி எஞ்சின் கார் ஜெயித்ததை, நேற்று நடந்தது போல இவர் சொல்வார்.

இவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் 18 வருஷம் வேலை பார்த்தவர். ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, "பேரிங் போயிடுச்சு, பிரிங்க" என்பார். பிரித்தால் போயிருக்கும். எங்கள் வீட்டு மிக்ஸி முதல் வாஷிங் மெஷின் வரை அந்தக் காதுதான் டாக்டர்.

அப்படிப்பட்டவருக்கு வண்டி நின்றது தெரியவில்லை.

கொஞ்ச நாளாகவே ஐடிலிங் சரியில்லை. சூடேறிய பிறகு 800 பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டிய முள், 500-க்கும் 1,000-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. சிக்னலில் நின்றால் சீட் அதிரும். சில நேரம் ஒரு குலுக்கு குலுக்கி ஆஃப் ஆகிவிடும். பக்கத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்தவர், "ரோட்டரியா? சீல் போயிருக்கும். எஞ்சினை இறக்கிக் கட்டணும், இல்லேன்னா உடைக்கப் போட்டுடுங்க" என்றார். கட்டுகிற செலவு, வண்டியின் விலையைவிட அதிகம். மகள் போனில், "அப்பா, குடுத்துடுங்க" என்றாள்.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் பிடிவாதம் மட்டுமில்லை, நியாயமும் இருந்தது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும். குறைந்தால் முதலில் தெரிவது, சூடாக இருக்கும் எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதுதான். எங்கள் வண்டியோ சிக்னலில் நின்றாலும் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. "சீல் போயிருந்தா இப்படிப் பிடிக்காது. வேற எங்கியோ கோளாறு" என்றார்.

முதலில் பிளக். ரோட்டருக்கு இரண்டு வீதம் நான்கு. இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க முடியும். கீழ்வரிசைக்கு ஒரு வகை, மேல்வரிசைக்கு வேறு வகை. மாற்றிப் போட்டுவிடக் கூடாது. நான் டார்ச் பிடித்தேன், திட்டும் வாங்கினேன். பிறகு நான்கு இக்னிஷன் காயில். மாற்றியதாக வீட்டில் ஒரு ரசீதுகூட இல்லை. எங்கள் அசட்டைதான்; ரோட்டரியில் காயில் சீக்கிரம் சோர்ந்துபோகும் என்று தெரிந்தும் விட்டுவைத்திருந்தோம். புதுசு போட்டதும் குலுக்கல் பாதி குறைந்தது. ஆனால் ஆஃப் ஆவது நிற்கவில்லை.

"காத்து எங்கியோ திருட்டுத்தனமா உள்ள போகுது" என்றார் இவர். எஞ்சினுக்குப் போகும் காற்றை வழியில் ஒரு சென்சார் அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் விடப்படும். சென்சாரைத் தாண்டி ஒரு டியூபில் வெடிப்பு இருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்துவிடும். வேகமாகப் போகும்போது அது கடலில் கரைத்த பெருங்காயம். ஐடிலிங்கில் எஞ்சின் குடிப்பதே கொஞ்சம் காற்றுதான் என்பதால், சின்ன ஓட்டையும் மூச்சுத் திணற வைத்துவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இவருக்கு ஒரு முழ ரப்பர் டியூப் போதும். ஒரு முனை காதில், மறுமுனையை ஓடும் எஞ்சினின் ஒவ்வொரு இணைப்பருகிலும் மெதுவாக நகர்த்த வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். பெல்ட் பக்கம் மட்டும் போகக் கூடாது.

அரை மணி நேரம் தேடினார். "ஒண்ணுமில்லையே" என்று நிமிர்ந்தார். நான் சும்மா பக்கத்தில்தான் நின்றேன். டியூப் இல்லாமலே எனக்குக் கேட்டது. பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிசாக.

"என்னங்க, அந்த சத்தம் கேக்கலீங்களா?"

"எந்த சத்தம்?"

டியூபை வாங்கி நான் வைத்துப் பார்த்தேன். காற்றுக் குழலின் பின்பக்கம், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ். வளைவில் வெடித்திருந்தது. விரலால் அழுத்தினேன். சீறல் நின்றது, முள் 800-ல் போய் உட்கார்ந்தது. மறுபடி டியூபை அதே இடத்தில் வைத்து, இவர் காதில் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு டியூபைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்கு ஹோஸை மாற்றவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

டி.வி. சத்தத்துக்காக நாங்கள் போட்ட சண்டைகள், போனில் பேத்தி சொன்னதற்கு இவர் சம்பந்தமில்லாமல் சிரித்தது, எல்லாம் அன்று ராத்திரி வரிசையாக நினைவுக்கு வந்தன. கவனமில்லை என்று எத்தனை தடவை கோபித்திருப்பேன்.

மறுநாள் ஹோஸை மாற்றினோம். சந்தேகம் தீர, ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கம்ப்ரஷன் டெஸ்டும் எடுத்தோம். இதற்குத் தனிக் கருவி வேண்டும். சாதாரண கருவி, ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். ஆறு முகத்துக்கும் ஆறு எண் வந்தது. 250 ஆர்.பி.எம். கணக்குக்கு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது. எங்களுடையதில் குறைந்தது 710. கிழம்தான், ஆனால் எஞ்சின் போகவில்லை.

"வண்டிக்கு டெஸ்ட் எடுத்தாச்சு. அடுத்து உங்களுக்கு" என்றேன். எதிர்த்துப் பேசவில்லை.

காதுப் பரிசோதனைத் தாளில், கோடு இடது பக்கம் நன்றாகத்தான் இருந்தது. 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவு போல இறங்கியது. சீறல், பறவைச் சத்தம், குழந்தைகளின் பேச்சில் வரும் 'ஸ'வும் 'ஷ'வும் அந்தச் சரிவில்தான் இருக்கின்றனவாம். வயதும், காதை மூடாமல் பம்ப் ஓட்டிப் பார்த்த 18 வருஷமும் சேர்ந்த வேலை என்றார் பரிசோதித்த பெண். இவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல எத்தனைக்குக் கீழ போனா இறக்கிக் கட்டணும்?"

காதுக் கருவி போட்டுக்கொண்டு முதல் தடவை வண்டியை எடுத்த அன்று, ஒரு தெரு திரும்பியதும் சட்டென்று ஓரங்கட்டினார். இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தார், குனிந்தார், டயரைத் தட்டினார்.

"என்னங்க ஆச்சு?"

"டிக் டிக்னு ஏதோ அடிக்குது. உனக்குக் கேக்கலையா?"

கேட்டது. இண்டிகேட்டரை அவர் இன்னும் அணைத்திருக்கவில்லை.